நெற்றி நோகாமல் யாழ்ப்பாணம் வரை: நீண்ட ஓட்டத்துக்கு எந்த ஹெல்மெட்?

காலிவீதி150:

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் இருந்து புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழியாக யாழ்ப்பாணம், ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அடுத்த மாதம் போக வேண்டும். அதன் பிறகு ஹட்டன் வழியாக நுவரெலியா. பைக் 150 சிசி, முன்னால் விண்ட்ஸ்கிரீன் இல்லை.

இப்போது உள்ளது பொலிகார்பனேட் ஃபுல் ஃபேஸ் (முகம் முழுக்க மூடும் ஹெல்மெட்), 1,600 கிராம், சைஸ் L. சிலாபம் வரும் முன்பே நெற்றி நடுவில் நோ தொடங்குகிறது. புத்தளத்தில் கழற்றிப் பார்த்தால் புருவத்துக்கு மேலே சிவப்பாக ஒரு தழும்பு. மூக்குக்கண்ணாடி போடுகிறவன்.

ஒரு சைஸ் பெரிதாக XL எடுத்தால் சரியாகுமா? இந்த வெக்கைக்கு முன்பக்கம் தூக்கித் திறக்கும் மொடியூலர் நல்லதா, ஃபுல் ஃபேஸ் நல்லதா? காற்றுச் சத்தத்தில் தலை கிறுகிறுக்கிறது, அதற்கு விலை கூடிய ஹெல்மெட்தான் வழியா? நடுத்தர விலைக்குள் வாங்க நினைக்கிறேன்.

அளவுநாடா:

தம்பி, XL பக்கம் போகாதேங்கோ. தலையைச் சுற்றி ஒரே மாதிரி இறுக்கினால் அது சைஸ் பிழை. ஓரிடத்தில் மட்டும் குத்தினால் அது வடிவப் பிழை. உங்களுக்கு நெற்றி நடுவில் மட்டும் நோகுது. அப்ப உங்கட தலைக்கும் அந்த ஹெல்மெட்டின் உள்வடிவத்துக்கும் பொருத்தமில்லை.

மேலே இருந்து பார்த்தால் ஒருவரின் தலை முன்பின்னாக நீண்டிருக்கும், இன்னொருவரின் தலை உருண்டையாக இருக்கும், பெரும்பாலானோருக்கு இரண்டுக்கும் நடுவில். ஹெல்மெட்டும் அதே மூன்று வடிவத்தில்தான் வருது: நீள்வட்டம், நடுத்தரம், உருண்டை. நீண்ட தலையை உருண்டை ஹெல்மெட்டுக்குள் விட்டால் நெற்றியிலும் பிடரியிலும் அழுத்தும், காதுக்கு மேலே இரண்டு பக்கமும் வெறுமையாக இருக்கும். உருண்டைத் தலையை நீள்வட்ட ஹெல்மெட்டுக்குள் விட்டால் நெற்றிப்பொட்டு இரண்டும் இறுகும், நெற்றியில் இடைவெளி விழும். பெட்டியில் எந்த வடிவம் என்று அனேகமாக எழுதியிருக்க மாட்டார்கள். அதனால்தான் போட்டுப் பார்க்காமல் இணையத்தில் எடுக்கக் கூடாது.

முதலில் வீட்டில் அளவுங்கோ. தையல் டேப் போதும். புருவத்துக்கு 2.5 சென்ரிமீற்றர் மேலே, காதுக்கு மேலே, பிடரியில் புடைத்த இடத்தைச் சுற்றி ஒரு சுற்று. மூன்று தரம் அளந்து கூடின அளவை எடுங்கோ. பல கம்பனிகளின் அட்டவணையில் 57–58 என்றால் M, 59–60 என்றால் L, 61–62 என்றால் XL. கம்பனிக்குக் கம்பனி மாறும், வாங்கப் போகிற மொடலின் அட்டவணையைத்தான் பார்க்க வேணும்.

அடுத்தது நீளம், அகலம். பிடரியைச் சுவரில் ஒட்டி நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவருக்குச் சமாந்தரமாக நெற்றியில் வையுங்கோ. சுவருக்கும் புத்தகத்துக்கும் இடைத் தூரம்தான் தலையின் நீளம். காதுக்குச் சற்று மேலே இரண்டு பக்கமும் இரண்டு புத்தகம் வைத்து இடைத் தூரத்தை இன்னொருவரைக் கொண்டு அளந்தால் அகலம். அகலத்தை நீளத்தால் பிரித்தால் 0.75க்குக் கீழே வந்தால் நீண்ட தலை, 0.80ஐத் தாண்டினால் உருண்டைத் தலை, இடையில் வந்தால் நடுத்தரம். அந்த மூன்று எண்ணையும் இங்கே போடுங்கோ.

கடையில் குறைந்தது 20 நிமிடம், முடிந்தால் அரை மணி நேரம் தலையில் வைத்திருங்கோ. இரண்டு நிமிடத்தில் எல்லா ஹெல்மெட்டும் சுகமாகத்தான் இருக்கும். போட்டிருக்கும்போது பார்க்க வேண்டியது:

– ஹெல்மெட்டைப் பிடித்து இடம் வலமாகத் திருப்பினால் நெற்றித் தோலும் கன்னமும் கூடவே இழுபட வேணும். தோல் நிற்க ஹெல்மெட் மட்டும் சுழன்றால் பெரிது.
– பட்டியைப் பூட்டிக்கொண்டு, பின் விளிம்பில் விரலைக் கொடுத்து முன்னுக்குத் தள்ளுங்கோ. கழன்று வந்தால் எவ்வளவு அழகான ஹெல்மெட் என்றாலும் வேண்டாம்.
– மெல்லுகிற மாதிரி வாயை அசைத்தால் உள்கன்னம் பல்லில் பட வேணும். புதிதில் கன்னம் இறுக்கமாக இருப்பது நல்லது, அந்தப் பஞ்சுதான் ஓட ஓட முதலில் தளரும்.
– கழற்றின உடனே கண்ணாடியில் முகத்தைப் பாருங்கோ. சிவப்பு எல்லா இடமும் பரவலாக இருந்து சில நிமிடத்தில் மறைந்தால் பரவாயில்லை. ஒரு ரூபாய்க் குற்றி அளவில் ஓரிடத்தில் மட்டும் இருந்தால் அந்த மொடல் உங்களுக்கு இல்லை.

மூக்குக்கண்ணாடியோடு போய்ப் பாருங்கோ. ஹெல்மெட்டைப் போட்ட பிறகு கண்ணாடியின் கை நேராக உள்ளே போக வேணும். கன்னப் பஞ்சில் அதற்கென்று பள்ளம் விட்ட மொடல்கள் இருக்கு. தடித்த, காதுக்குப் பின்னால் நன்றாக வளைந்த கை உள்ள ஃபிரேம் என்றால் எந்த ஹெல்மெட்டும் நோகும். மெல்லிய நேர்க் கை உள்ள இன்னொரு சோடி செய்து வைத்திருப்பது ஹெல்மெட்டை மாற்றுவதை விட மலிவு.

பொறளைச்சந்தி:

அளவுநாடா அண்ணன் சொன்னதுதான் முதல் வேலை. நான் வெக்கைக்கும் சத்தத்துக்கும் வாறேன்.

நமக்கு அதிவேக நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்ட அனுமதி இல்லை. நகரத்துக்கு வெளியே மோட்டார் சைக்கிளுக்கு 70தான் எல்லை. அதனால 200இல் போறவனுக்குச் செய்த ரேஸ் ஹெல்மெட், பின்பக்கம் வால் வைத்தது, அதுக்குக் காசு கொடுக்க வேண்டாம். அந்த மொடல்கள்ல பார்வைத் திறப்பே குனிஞ்சு ஓட்டுறவனுக்காக மேல் பக்கம் கூட்டி வைத்திருப்பாங்க. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுற உங்களுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

காற்றோட்டத்தை வெளியில இருக்கிற ஓட்டையை எண்ணிப் பார்க்காதீங்க. லைனரை, அதாவது தலையில படுற துணிப் பஞ்சு உறையை, கழற்றச் சொல்லி உள்ளே இருக்கிற ரெஜிபோமை (அடியை வாங்குற தெர்மோகோல் அடுக்கு) பாருங்க. முன் ஓட்டையில இருந்து பின் ஓட்டை வரைக்கும் விரல் அகலத்துக்கு வாய்க்கால் வெட்டியிருக்கணும். பின்னால வெளியேறும் ஓட்டை இல்லாவிட்டால் முன்னால எத்தனை இருந்தும் காற்று உள்ளே வராது, வெளியே போக இடமில்லையே. சில மலிவு மொடல்கள்ல முன் ஓட்டைக்குப் பின்னால ரெஜிபோம் அப்படியே மூடியிருக்கும். மூடியைத் திறந்து டோர்ச் அடிச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும். ஆனா ஒன்று: மருதானை நெரிசல்ல 15இல் ஊர்ற நேரம் எந்த வெண்டிலேஷனும் உதவாது. 40க்கு மேல்தான் அது வேலை செய்யும். யாழ்ப்பாணத்துக்கு விடிய 4 மணிக்குக் கிளம்புறது இதற்கெல்லாம் மேலான வெண்டிலேஷன்.

நிறம் வெள்ளையோ இளம் நிறமோ எடுங்க. மட் கறுப்பு வெயில்ல சூடேறும், இரவில எதிரே வாற லொறிக்காரனுக்கும் தெரியாது.

மொடியூலர்: பெற்றோல் செட்டில, கடையில, பொலிஸ் நிறுத்துற இடத்தில கழற்றாமலே முகத்தைக் காட்டலாம். மூக்குக்கண்ணாடி போடுறவங்களுக்கு அது பெரிய வசதி. ஆனா அதே விலை ஃபுல் ஃபேஸை விட 150–200 கிராம் கூட இருக்கும், பிணைச்சல் பக்கமாச் சத்தமும் கொஞ்சம் கூட. வாங்கினால் தாடைப் பூட்டின் கொக்கி உலோகமா பிளாஸ்டிக்கா என்று கேளுங்க, உலோகம் எடுங்க. பட்டியில இருக்கிற ECE (ஐரோப்பியத் தரம்) லேபலில் P/J என்று இருந்தால் திறந்தும் மூடியும் இரண்டு விதமாவும் சோதிச்சது. P மட்டும் இருந்தால் மூடித்தான் ஓடணும். NP என்று இருந்தால் அந்தத் தாடை பாதுகாப்புக்கு இல்லை, விட்டுடுங்க.

நிறை விஷயத்தில 1,400க்கும் 1,550க்கும் தராசுலதான் வித்தியாசம், கழுத்துக்குத் தெரியாது. 1,700ஐத் தாண்டினால் விண்ட்ஸ்கிரீன் இல்லாத பைக்கில நாள் முழுக்க ஓடும்போது தெரியும். மேலே தொப்பி மாதிரி பீக் வைத்த அட்வென்சர் ஹெல்மெட்டைப் பலர் அழகுக்கு எடுக்கிறாங்க. ஆனையிறவில களப்புப் பக்கமா அடிக்கிற குறுக்குக் காற்று அந்தப் பீக்கைப் பிடிச்சுத் தலையையே திருப்பும். கழற்றக்கூடிய பீக் என்றால் கழற்றிட்டு ஓடுங்க.

காலிவீதி150:

இருவருக்கும் நன்றி. அளந்துவிட்டேன். சுற்றளவு 58, நீளம் 20.1, அகலம் 15.2. இப்போதுள்ள L ஹெல்மெட்டில் காதுக்கு மேலே இரண்டு பக்கமும் சுண்டுவிரல் தாராளமாகப் போகிறது. தலையை உதறினால் ஹெல்மெட் கொஞ்சம் பிந்தி வருகிறது. ஆனால் நெற்றி மட்டும் நோகிறது. பெரிதாக இருந்தும் ஏன் நோக வேண்டும் என்று விளங்கவில்லை.

அளவுநாடா:

15.2ஐ 20.1ஆல் பிரித்தால் 0.756. நீள்வட்டம் பக்கம் சாய்ந்த நடுத்தரத் தலை. சுற்றளவுப்படி நீங்கள் M. முதல் தரம் வாங்கும்போது M போட்டுப் பார்த்திருந்தால் நெற்றி இன்னும் மோசமாக அழுத்தியிருக்கும், அதனால் கடையில் L தந்திருப்பார்கள். அந்த உருண்டை ஹெல்மெட் L இலும் முன்பின்னாகப் போதாது, பக்கவாட்டில் தாராளம். பக்கம் பிடிக்காததால் அது ஒவ்வொரு பள்ளத்திலும் முன்னே சரிந்து முழு நிறையையும் நெற்றியில் வைக்குது. XL எடுத்தால் நெற்றி அழுத்தம் குறைந்தாலும் ஹெல்மெட் தலையில் நில்லாது. விழுந்தால் தலைக்கு முன்னே அதுதான் கழன்று போகும்.

உங்களுக்கு வேண்டியது நடுத்தர வடிவத்தில், அல்லது சற்று நீண்ட வடிவத்தில், M. கடையில் குறைந்தது மூன்று வேறு கம்பனிகளின் M ஐ அடுத்தடுத்துப் போடுங்கோ. ஒரே கம்பனிக்குள்ளேயே மொடலுக்கு மொடல் உள்வடிவம் மாறும். அதோடு ஓட்டின் அளவும் பாருங்கோ: சில மொடல் எல்லா சைஸுக்கும் ஒரே வெளி ஓடு, உள்ளே பஞ்சை மட்டும் கூட்டிக் குறைப்பார்கள். இரண்டு மூன்று ஓட்டு அளவில் செய்தது M இல் சிறிதாகவும் நிறை குறைந்தும் இருக்கும்.

கன்னம் மட்டும் தளர்வாக இருந்தால் அதற்காக ஹெல்மெட்டைத் தள்ளிவிடாதேங்கோ. தடிப்புக் கூடின கன்னப் பஞ்சு தனியாக விற்கிற கம்பனிகள் இருக்கு. நெற்றி பொருந்தினால் கன்னத்தைச் சரி செய்யலாம். கன்னம் பொருந்தி நெற்றி பொருந்தாவிட்டால் ஒன்றும் செய்ய ஏலாது.

அடுத்த மாதப் பயணத்துக்குள் புதிது கிடைக்காவிட்டால் ஒரு தற்காலிக வழி. லைனரைக் கழற்றுங்கோ. நெற்றிப் பட்டிக்குள் 3–5 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு பஞ்சுத் துண்டு இருக்கும். தழும்பு விழும் இடத்துக்கு நேரே உள்ள பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, காதுக்கு மேலே லைனருக்கும் ரெஜிபோமுக்கும் இடையில் அதே தடிப்பில் மென்பஞ்சு வையுங்கோ. பக்கம் பிடித்தால் முன்சரிவு குறையும். ஆனால் ரெஜிபோமைத் தொடக்கூடாது. கரண்டியால் அழுத்திப் பள்ளமாக்கச் சொல்லுகிற ஆட்கள் இருக்கினம், கேட்காதேங்கோ. விழும்போது நசுங்கி அடியை வாங்க வேண்டியது அந்த ரெஜிபோம். முன்கூட்டியே நசுக்கின இடம், சரியாக நெற்றிக்கு நேரே, பிறகு ஒன்றையும் வாங்காது.

முத்திரை:

வடிவம் சரியான பிறகு லேபலைப் பாருங்கள். சந்தையில் பிரபல பெயர்களின் போலிகள் தாராளமாக உண்டு.

ECE என்றால் தாடைப் பட்டியில் தைத்த துணி லேபல் இருக்கும், ஓட்டில் ஒட்டிய ஸ்டிக்கர் அல்ல. வட்டத்துக்குள் E எழுத்தும் நாட்டு எண்ணும்: E1 ஜெர்மனி, E2 பிரான்ஸ், E3 இத்தாலி, E4 நெதர்லாந்து, E9 ஸ்பெயின், E11 பிரித்தானியா. அதன் கீழே உள்ள எண் 05 என்று தொடங்கினால் பழைய ECE 22.05, 06 என்று தொடங்கினால் புதிய 22.06. புதியதில் ஹெல்மெட்டைச் சாய்ந்த தளத்தில் மோதவிட்டு தலை எவ்வளவு சுழல்கிறது என்றும் அளக்கிறார்கள். வீதியில் விழும் பலர் நேராக அல்ல, சறுக்கித்தான் விழுகிறார்கள். அதனால் இரண்டு மொடல் தலைக்கு ஒரே அளவு பொருந்தினால் 06 உள்ளதை எடுங்கள்.

DOT என்பது அமெரிக்கத் தரம், உற்பத்தியாளர் தானே உறுதியளிப்பது. சரியான ஸ்டிக்கரில் FMVSS No. 218, CERTIFIED என்ற சொற்களும், உற்பத்தியாளரின் பெயரும், மொடலும் இருக்கும். வெறும் மூன்றெழுத்து மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். இந்திய ஹெல்மெட்டில் ISI முத்திரையோடு IS 4151 இருக்க வேண்டும். இலங்கைத் தர நிர்ணயம் SLS 517. உள்ளே ரெஜிபோம் 2.5 சென்ரிமீற்றர் தடிப்பும் இல்லாமல், கையில் எடுத்தால் அரைக் கிலோவும் வராமல் இருந்தால் அது தொப்பி, ஹெல்மெட் அல்ல.

லைனருக்குக் கீழே அல்லது பட்டியில் உற்பத்தி மாதமும் ஆண்டும் இருக்கும். கடை ராக்கையில் மூன்று ஆண்டு கிடந்ததைப் புதிது விலைக்கு வாங்க வேண்டாம். பொதுவாகக் கம்பனிகள் பாவிக்கத் தொடங்கி 5 ஆண்டில் மாற்றச் சொல்கின்றன. வெளியில் கீறல் தெரியாவிட்டாலும் தலையோடு ஒரு தரம் விழுந்தால் உடனே மாற்ற வேண்டும்.

மூடுபனி:

நுவரெலியாவைப் பற்றி ஒருத்தரும் சொல்லலையே. ஹட்டன் தாண்டி மேலே ஏறும்போது வெளியில குளிர், உள்ளே மூச்சு, வைசர் (முகத்துக்கு முன்னால இருக்கிற கண்ணாடி மூடி) ஒரு நிமிஷத்தில வெள்ளையாகிடும். மூக்குக்கண்ணாடியும் சேர்ந்து மூடினால் வளைவு தெரியாது. அதனால ஹெல்மெட் எடுக்கும்போதே வைசரின் உள்பக்கம், இடமும் வலமும் இரண்டு சின்ன முளை இருக்கா என்று பாருங்க. அது இருந்தால்தான் பின்லொக், அதாவது வைசர் வெள்ளையாகாமல் உள்பக்கம் மாட்டுற மெல்லிய தாள், போடலாம்.

போடுற விதம் பிழைத்தால் பின்லொக்கும் பிரயோசனமில்லை. வைசரைக் கழற்றி இரண்டு பக்கமும் கழுவி நன்றாகக் காயவிடுங்க. ஒருவர் வைசரை இரண்டு கையாலும் விரித்துத் தட்டையாக்கிப் பிடிக்க, மற்றவர் பின்லொக் தாளை ஒரு முளையில் மாட்டி மறு முளையில் மாட்டணும். பட்டு மாதிரி ஒரு சிலிக்கன் கோடு தாளைச் சுற்றி ஓடும், அது வைசரைப் பார்த்து இருக்கணும். விட்டதும் அந்தக் கோடு முழுச் சுற்றும் வைசரில் ஒட்டியிருக்கா என்று வெளிச்சத்தில் பிடிச்சுப் பாருங்க. ஒட்டின இடம் கருங்கோடாகத் தெரியும், ஒட்டாத இடம் மங்கலாக இருக்கும். மங்கல் இருந்தால் சின்னத் திருப்புளியால் முளையைக் கொஞ்சம் திருப்புங்க, முளை மையம் தள்ளினது, திருப்பினால் தாள் இறுகும். எல்லாம் சரியான பிறகு பாதுகாப்பு ஃபிலிமை உரியுங்க. மழை நேரம் இரண்டுக்கும் நடுவில தண்ணீர் போனால் இந்தக் கோடு சரியா ஒட்டலை என்று அர்த்தம். தாள் மிக மென்மை, டிஷூவால் தேய்த்தால் கீறும். பின்லொக் மூக்குக்கண்ணாடியைக் காப்பாற்றாது, அதற்குத் தாடைக் காற்று ஓட்டையைத் திறந்து வைக்கணும்.

மதவாச்சிக்கு மேலே இரவில் ஓடினால் வைசர் முழுக்கப் பூச்சி. உலர் துணியால் தேய்க்காதீங்க. நனைத்த பருத்தித் துணியைப் பத்து நிமிஷம் வைசர் மேலே போட்டு வைத்தால் தானாக ஊறி வரும். பெற்றோல், தின்னர், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் மூன்றும் பொலிகார்பனேட்டைக் கெடுக்கும். நுளம்புக்குப் பூசுற டீட் கலந்த கிறீமும் அப்படித்தான், பூசின கையால வைசரைத் தொட்டால் அந்த இடம் மங்கிப் போகும். கையைக் கழுவிட்டுத் தொடுங்க.

தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையோட ஹெல்மெட் போடுறதும் லைனருக்கு ஆகாது. எண்ணெயும் வியர்வையும் ஊறினால் பஞ்சு கெட்டியாகிச் சுருங்கும், சில மாதத்தில் ஹெல்மெட் தளரும். உள்ளே மெல்லிய பலக்லாவா (தலையை மூடுற துணி உறை) போடுங்க, இரண்டு வைத்திருந்து மாற்றி மாற்றித் துவையுங்க. லைனரைக் குழந்தை ஷாம்பூவில் கையால் கழுவி நிழலில் காயவிடணும்.

காலிவீதி150:

M எடுத்துப் பார்க்கிறேன். காற்றுச் சத்தம் மட்டும் மிச்சம். காதில் அடைப்பான் போட்டால் பஸ் ஹோன் கேட்குமா?

பொறளைச்சந்தி:

கேட்கும். அடைப்பான் எல்லாச் சத்தத்தையும் சேர்த்துக் குறைக்குது, காற்று இரைச்சல் குறைஞ்ச பிறகு ஹோன் இன்னும் தெளிவாகத்தான் விழும். 60–70இலேயே ஹெல்மெட்டுக்குள்ள 90 டெசிபலை ஒட்டி வரும். 85 டெசிபல் என்றால் காதுக்கு 8 மணி நேரம் தாங்கும், 3 கூடக் கூட நேரம் பாதியாகும். 91 என்றால் 2 மணி நேரம்தான். யாழ்ப்பாணம் போய்ச் சேர 9, 10 மணி நேரம். இந்தத் தலைக் கிறுகிறுப்பு அதுதான். விலை கூடிய ஹெல்மெட் சில டெசிபல்தான் குறைக்கும். பாமசியில கிடைக்கிற பஞ்சு அடைப்பான் அதை விட எவ்வளவோ கூடக் குறைக்கும்.

சத்தம் பெரும்பாலும் கழுத்துப் பக்கமாகத்தான் உள்ளே வருது. ஓடும்போது தாடைக்குக் கீழே இடக்கையை ஒரு செக்கன் வைத்துப் பாருங்க, சத்தம் உடனே விழுந்தால் சின் கர்ட்டன் என்கிற துணித் திரை பூட்டினால் உதவும். வெயில் நேரம் அதைக் கழற்றிடுங்க, காற்றும் அதே வழியாகத்தான் வருது.

இன்டர்கொம் ஸ்பீக்கர் பூட்டுற எண்ணம் இருந்தால் காதுக்கு நேரே ரெஜிபோமில பள்ளம் உள்ள மொடலாப் பாருங்க. பள்ளம் இல்லாத இடத்தில ஸ்பீக்கர் காது மடலில் முட்டி ஒரு மணி நேரத்தில நோகத் தொடங்கும்.

அடைப்பான் போடும்போது பலர் பிழை விடுறாங்க. சுத்தமான விரலால் மெல்லிய குச்சி மாதிரி உருட்டுங்க. எதிர்க் கையைத் தலைக்கு மேலால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடிச்சு, உள்ளே விட்டு, 30 செக்கன் விரலை எடுக்காமல் வைத்திருங்க, பஞ்சு விரிந்து நிறையும் வரைக்கும். வெளியில பாதிக்கு மேல தெரிந்தால் திரும்பச் செய்யுங்க. ஹெல்மெட்டைப் போடும் முன் செய்ய வேண்டியது இது. ஹெல்மெட் இழுத்துத் திரும்பக் கழன்றால், இரண்டு பக்கப் பட்டியையும் நன்றாக விரித்துப் பிடிச்சுத் தலையை உள்ளே விடுங்க.